குறியெதிர்ப்பையும் ஈகையும்

திருநாள்கள் வருங்கால் நம்மவர் கை இயல்பாகவே விரிகின்றது. பொங்கலன்று அயல்வீட்டுக்குத் தட்டம் போகின்றது. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் வேலி கடக்கின்றன. சித்திரை வருடப்பிறப்பில் பெரியோர் இளையோர்க்குக் கைவிசேடம் வழங்குகின்றனர். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலிலே வருவோர் போவோர்க்கெல்லாம் மோர் வார்க்கின்றனர். இவை யாவும் கொடுத்தலே. ஆயின், இவற்றுள் ஈகை எதுவென்று வகுப்பிலே மாணவன் ஒருவன் வினாவினான். அன்று மணி அடித்துவிட்டமையால் விடை முற்றவில்லை. எஞ்சியதை ஈண்டு எழுதுகின்றேன்.

முதலிற் சொல்லை நோக்குவோம். ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் தொல்காப்பியனார் சொல்லதிகாரத்து எச்சவியலில் இரத்தற்குரிய சொற்களாக வைத்தார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். இவ்விலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்யாத மாணவர் இலர். ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று சொல்லும் கொடுப்பவன் வாயிற் பிறந்தனவல்ல. கேட்பவன் வாயிற் பிறந்தன. அவற்றுள்ளும் மிகத் தாழ்ந்து நின்று கேட்பவனுடைய சொல்லிலிருந்தே ஈகை என்னும் பெயர் தோன்றியது.

இனித் திருவள்ளுவரைப் பார்ப்போம். ஈகை என்னும் 23ஆம் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றைக் கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்று அவர் வரையறுத்துவிட்டார். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் பொருள். இச்சொல் வழக்கொழிந்ததாயினும் செயல் ஒழியவில்லை. அயலில் ஒரு சுண்டு சீனி வாங்கி, மறுநாள் அதே சுண்டால் அளந்து கொடுக்கின்றோமே, அதுதான். பொங்கல் தட்டமும் அத்தகையதே. நாம் அனுப்பிய தட்டம் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. வந்தால் அடுத்த ஆண்டு நினைவில் வைத்திருப்போம்.

இதனாற் குறியெதிர்ப்பை இழிந்தது என்று கருதற்க. புறநானூற்று 163ஆம் பாட்டிலே இதே சொல் வருகின்றது. முதிரமலைக் குமணனிடம் பெரும் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியை அழைத்து, யார் யார்க்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லுகின்றார். நின்னை விரும்பினோர்க்கும், நீ விரும்பினோர்க்கும், சுற்றத்தார்க்கும் கொடு என்றவர், நம் குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோரையும் மறவாமற் சேர்த்துக்கொள்ளுகின்றார். பசித்த வீட்டைப் பலநாள் தாங்கியது அயலார் அளந்து கொடுத்த அரிசியே அன்றோ? பின்னர், இன்னார்க்கு என்று பாராமலும், சேர்த்து வைத்து வாழ்வோம் என்று எண்ணாமலும் எல்லார்க்கும் கொடு என்று முடிக்கின்றார். வேலி கடக்கும் தட்டம் வாழ்க. அதனைத் தருமக் கணக்கில் எழுதாதிருந்தாற் போதும்.

இதே புலவர் மற்றோரிடத்தில் பரிசிலை மறுக்கின்றார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினானாக, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து அன்போடு தருவதாயின் தினையளவும் இனிது என்றும் சொன்னார். இது 208ஆம் பாட்டு. இதனைப் பல ஆண்டு கற்பித்தேன். ஆனால் விளங்கிக்கொண்டது பிந்தியே.

போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன காலம். அப்போது நான் கற்பித்த பாடசாலைக்கு அன்பர் ஒருவர் தீபாவளிக்கென்று உடுப்புகள் கொடுத்தார். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தவன் நானே. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பெயர் கேட்டும் அசையவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று எண்ணி இன்னும் உரத்து வாசித்தேன். முழுப் பாடசாலையும் அவனைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் முதல் அவன் வரவில்லை. ஒரு கிழமை கழித்து, உடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தாயார் தேநீர் தந்தார். “சட்டை வேண்டாமெண்டு இல்லை, சேர். பேரை மைக்கிலை வாசிச்சுப் போட்டியள்” என்றார். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

பண்டிகைக்கால ஈகைக்கு நேரமும் ஒரு கூறு என்பதை நம் முஸ்லிம் சகோதரரிடம் கற்கலாம். நோன்புப் பெருநாளன்று கொடுக்கவேண்டிய பித்ராத் தருமத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிடவேண்டும் என்பது அவர்தம் விதி. அன்றைக்கு எவரும் பிறர் வாசலிலே நின்று கேளாதிருக்க அது வழிசெய்கின்றது. நம் ஊரிலும் இதற்கு ஒப்பானது இருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு வீடுகளிலிருந்து பிடியரிசி சேர்ந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி தனியே போடப்படும். பானையில் விழுந்தபின் எந்தப் பிடி எவருடையது என்று யார் அறிவார்?

இன்று கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் திருநாள் தோறும் பணம் அனுப்புகின்றனர். அவர்தம் அன்பை ஐயுறேன். ஆனால் பெறுகின்ற பிள்ளையைக் கையிற் பொதியோடு நிறுத்திப் படம் எடுத்து அனுப்பும்படி சிலர் கேட்கின்றனர். பணம் எங்கே போயிற்று என்று அறிய அவர்க்கு உரிமை உண்டு. அதற்குக் கணக்கும் பற்றுச்சீட்டும் உள. பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டன்று.

அச்சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு ஒழுங்கை மாற்றினோம். அன்பர் தந்த பணத்தைப் புடைவைக் கடை ஒன்றிற் கட்டினோம். தீபாவளிக்கு மூன்று கிழமைக்கு முன்பே தாய்மார் கையில் கடைச்சீட்டு சேர்ந்தது. மற்றவர்களைப் போலத் தாமே போய்த் தெரிந்து வாங்கினர். கணக்குத் தீர்க்கச் சென்றபோது கடைக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு தாயார் இருமுறை சட்டையை மாற்றினாராம். விலையிலும் கழிவு கேட்டாராம். யார் என்று நான் கேட்கவில்லை.