மதியத்துக்கு ஒரு படம், மொட்டைமாடிக்கு ஒரு படம்

கத்திரி பிறந்துவிட்டால் வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். லீவுக்கு வந்த பேரன் பேத்திகள், அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள், டி.வி. சத்தம் போதவில்லை என்கிற தாத்தா, கூடுதல் என்கிற பாட்டி. ஆள் ஏழெட்டு, ரிமோட் ஒன்று. அரை மணி நேரம் இழுபறி நடந்து, எல்லோரும் பத்துத் தடவை பார்த்த ஏதோ ஒரு படத்தில் வந்து நிற்கும். அதையும் யாரும் முழுசாகப் பார்க்க மாட்டார்கள்.

படத்துக்குப் பஞ்சமில்லை, பொழுது பார்த்துப் போடுவதில்லை, அவ்வளவுதான். கோடை மதியம் என்பது பாதிக் கண் சொருகிய நேரம். நடுவில் நுங்கு வரும், கரண்ட் போகும், யாராவது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். எங்கே விட்டாலும் மறுபடி ஏறிக்கொள்ளக்கூடிய படம்தான் அந்த நேரத்துக்கு ஆகும். ராத்திரி வேறு. சின்னதுகள் தூங்கியபின், காற்று கொஞ்சம் இறங்கியபின், கவனம் கேட்கிற படத்தை எடுக்கலாம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. ஓரம்கட்டப்பட்ட பல நல்ல படங்களும் தப்பான வேளையில் தப்பான கூட்டத்தின் முன் வந்து நின்றவைதான்.

இதற்கு 2005 ஏப்ரல் 14-ஐவிட நல்ல சாட்சி இல்லை. அந்தத் தமிழ்ப் புத்தாண்டு அன்று 'சந்திரமுகி', 'சச்சின்', 'மும்பை எக்ஸ்பிரஸ்' மூன்றும் ஒரே நாளில் வந்தன. சந்திரமுகி சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாள்களைத் தாண்டி ஓடியது. சச்சின் அப்போது சுமாராகப் போய், பிறகு டி.வி.யில் வளர்ந்து, இருபது வருஷம் கழித்து 2025 ஏப்ரலில் மறுபடி தியேட்டருக்கே வந்து விசில் வாங்கியது. மும்பை எக்ஸ்பிரஸ் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல் கதை, இளையராஜா இசை, ஃபிலிம் சுருள் இல்லாமல் டிஜிட்டலில் எடுத்த படம். மரணக் கிணற்றில் பைக் ஓட்டும், காது சரியாகக் கேட்காத ஒருவன் ஒரு கடத்தல் கும்பலில் மாட்டிக்கொள்கிறான். கும்பல் தப்பான பையனைத் தூக்கிவிடுகிறது. பசுபதியும் வையாபுரியும் கிரேனை வைத்துக்கொண்டு படுகிற பாடு ஒன்று போதும். அன்று ரஜினிக்காக வரிசையில் நின்ற கூட்டத்துக்கு இந்த மெல்லிய குசும்பு எப்படி ஏறும்? இன்று வீட்டில், மதியம், ஏறும். பேயும் பாட்டும் வேண்டும் என்றால் சந்திரமுகி. அதைத்தான் வசனத்தோடு மனப்பாடமாகச் சொல்கிறீர்களே என்றால் மும்பை எக்ஸ்பிரஸ்.

அதே சிங்கீதத்தின் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்வதே அசட்டுத்தனம். எந்தக் கோடையிலும் அது இருக்கும். நாலு கமல், கிரேஸி மோகன் வசனம், மலை விளிம்பில் ஆடும் வீடு. பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் வருகிற எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல்: வசனம் காதில் விழ வேண்டும். மிக்ஸி ஓடினால் ஒரு ஜோக் போச்சு, பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் அடுத்த ஜோக்கும் போச்சு.

மிக்ஸியும் கூலரும் ஓடுகிற வீட்டுக்குச் சிங்கீதம் மூன்று வருஷம் முந்தியே ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். 'பேசும் படம்' (1987). பேர்தான் அப்படி, படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. வேலையில்லாப் பட்டதாரி கமல், தெருவில் குடித்து விழுந்து கிடக்கும் ஒரு பணக்காரரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய ஐந்து நட்சத்திர ஓட்டல் அறையில் போய்க் குடியேறிவிடுகிறார். முதல் ராத்திரி மெத்தையில் படுத்தால் தூக்கம் வரவில்லை. பழைய லாட்ஜ் அறைக்குப் பக்கத்தில் சினிமா தியேட்டர். சண்டைச் சத்தமும் அலறலும் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிய உடம்பு. என்ன செய்கிறார் தெரியுமா? அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டுவந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டுத் தூங்குகிறார். ஏழ்மையைப் பற்றி ஒரு பக்க வசனம் எழுதினாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கொலைகாரனாக டினு ஆனந்த் வருகிறார். அவர் கையில் இருப்பது பனிக்கட்டியில் செய்த கத்தி. குத்திவிட்டால் தடயம் கரைந்துபோகும், சரி. ஆனால் குத்துவதற்குள் கரைந்தால்? மே மாதத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கிறவர்கள் அந்த ஆள்மேல் இரக்கப்படவும் கூடும். சிறைப்பட்ட பணக்காரரின் காலைக்கடன் பொட்டலங்களைப் பரிசுக் காகிதம் சுற்றிக் கமல் எடுத்துப்போவதற்குப் பிள்ளைகள் உருண்டு புரள்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் தட்டுத் தடுமாறும் பேத்திக்கும் காது மந்தமான தாத்தாவுக்கும் ஒரே அளவு புரிகிற இரண்டாவது படம் எனக்குத் தெரியவில்லை. காமேஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டே சொல்கிறேன்: கூட்டம் நிறைந்த மதியத்துக்கு இதுதான்.

பாட்டி கையில் ரிமோட் இருக்கிற நாளில் 'காதலிக்க நேரமில்லை' (1964) வரும். வரட்டும். நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ்.பாலையா முகம் ஒவ்வொரு சுருக்கமாக மாறும் அந்தக் காட்சியை அறுபது வருஷமாக யாராலும் தாண்ட முடியவில்லை. பழைய படத்தில் இன்னொன்று வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) பிடிக்குமா? கார்த்திக்கும் கவுண்டமணியும் அடிக்கிற கூத்தின் வேர் 'சபாஷ் மீனா' (1958). பொறுப்பில்லாத மகனை அப்பா ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்ப, அவன் தனக்குப் பதிலாகத் தன் நண்பனை அனுப்பிவிடுகிறான். மகன் சிவாஜி, நண்பன் சந்திரபாபு. கதாநாயகன் சிவாஜியாக இருந்தும் இரட்டை வேடம் சந்திரபாபுவுக்குத்தான். படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான். பி.ஆர்.பந்துலு இயக்கியது. இரண்டையும் அடுத்தடுத்த மதியங்களில் போட்டுப் பாருங்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச ஏதாவது கிடைக்கும். பழைய படங்களை யூடியூபில் தேடுகிறவர்கள் தொடங்குமுன் ஓடும் நேரத்தை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். காதலிக்க நேரமில்லை இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓட வேண்டும். ரொம்பக் குறைந்தால் பாட்டையோ பாலையாவையோ யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கென்று போட வேண்டுமானால் பிரபலமானதே போதும், தேடி அலைய வேண்டாம். 'பசங்க' (2009), 'காக்கா முட்டை' (2015) இரண்டும் தேசிய விருது வாங்கியவை, இரண்டும் அதற்குத் தகுதியானவை. பத்து வயதுக்குக் கீழே என்றால் பசங்க. விலை, விளம்பரம், கடைக்குள் விடமாட்டேன் என்கிற காவலாளி எல்லாம் புரிகிற வயது என்றால் காக்கா முட்டை. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவிட்டார்கள் என்றால் சற்குணத்தின் 'வாகை சூட வா' (2011). அறுபதுகளில் ஒரு செங்கல் சூளைக் கிராமம், பாடம் சொல்லித்தர வந்த விமல், அவரை ஒரு வழி பண்ணுகிற பிள்ளைகள், ஜிப்ரானின் முதல் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. தியேட்டர் கூட்டம் கிடைக்கவில்லை. குறும்புக்காகத் தொடங்கிப் போகப்போக நெஞ்சில் தைக்கும். துப்பாக்கி, தொப்பி, குதிரை கேட்கிற பையன்களுக்குச் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' இருக்கிறது. 2010 மே மாதம் வந்த கௌபாய் கூத்து. ஜெய்சங்கர் கௌபாய் வேஷம் போட்ட காலத்தை அறிந்த அப்பாக்கள் பையன்களைவிட அதிகம் சிரிப்பார்கள்.

கோடை என்றால் ஊர்த் திருவிழா, குலசாமி, கிடாவெட்டு. இந்த வகையில் எல்லோருக்கும் பிடித்தது 'கரகாட்டக்காரன்'. 1989 ஜூனில் வந்து மதுரையில் ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. சொப்பனசுந்தரி காரும் வாழைப்பழமும் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அதன் கதை 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வழியில் வந்தது என்பதும் பழைய செய்தி. இவை இரண்டையும் இந்த ஒரு கோடைக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்பேன். ஏனென்றால் இதே மண்ணில் இரண்டு படங்கள் பார்ப்பார் குறைந்து கிடக்கின்றன.

ஒன்று 'அழகர்சாமியின் குதிரை', 2011 மே மாதம் வந்தது. பாஸ்கர் சக்தியின் கதை, சுசீந்திரன் இயக்கம். மழையில்லாத ஊர், நின்றுபோன திருவிழாவை நடத்த முடிவெடுக்கும்போது அழகர் ஏறும் மரக்குதிரை காணாமல் போகிறது. அதே சமயம் எங்கிருந்தோ உயிருள்ள ஒரு வெள்ளைக் குதிரை ஊருக்குள் வந்து நிற்கிறது. சாமியே அனுப்பியது என்று ஊர் அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. பிறகு அதன் சொந்தக்காரன், சுமை தூக்கிப் பிழைக்கும் அப்புக்குட்டி, தேடிக்கொண்டு வருகிறான். குதிரை கிடைத்தால்தான் அவனுக்குக் கல்யாணம். ஊருக்குத் திருவிழா நடக்க வேண்டும், அவனுக்குக் குதிரை வேண்டும்; இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. அப்புக்குட்டிக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது. ஆறடி உயரம், சிவந்த முகம் என்று நாயக லட்சணம் தேடுகிற நம் கூட்டம் அவரை விருதுக்குப் பிறகும் மறந்தே போனது.

இன்னொன்று 'ஒரு கிடாயின் கருணை மனு', 2017 ஜூன். சுரேஷ் சங்கையாவின் முதல் படம். அவர் 2024-இல் மறைந்துவிட்டார். புது மாப்பிள்ளை விதார்த், பெண்டாட்டி, ஊர் சனம், ஒரு கிடா, எல்லாம் ஒரே லாரியில் குலசாமி கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். வழியில் விபத்து, ஒரு சாவு. வெட்டப்படப் போகிற கிடா சும்மா நிற்க, தப்பிக்கிற வழியை மனிதர்கள் தேடுகிறார்கள். லாரியில் இருக்கும் ஒவ்வொரு முகமும் உங்கள் ஊரில் எங்கேயோ பார்த்ததாக இருக்கும். ஜார்ஜ் மரியான் வக்கீலாக வந்ததும் படம் இன்னும் சூடு பிடிக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் வீட்டோடு பார்க்கக் குதிரை. கொஞ்சம் கறுப்புச் சிரிப்பு தாங்குகிறவர்களுக்குக் கிடா. இரண்டும் மதியத்திலிருந்து மாலைக்கு நகர்கிற நேரத்துப் படங்கள்.

ராத்திரிக்கு வருவோம். வெயிலிலிருந்து தப்பிக்க ஊட்டிப் படமாகத் தேடிப் போடுவது ஒரு வழி. அந்த வெயிலையே நேரில் பார்ப்பது இன்னொன்று. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) இரண்டாவது வகை. அத்திப்பட்டி என்கிற காய்ந்த கிராமத்துக்கு ஓடி ஒளிய வந்த ஒருவன், மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தொடங்குகிறான். சரிதா நடிப்பு, கரிசல் வெக்கை, மனுக்கள் தேங்குகிற அரசாங்கம். ஊர் தானே கால்வாய் வெட்டக் கிளம்பும்போது வருகிற எதிர்ப்பு வறட்சியைவிடக் கொடுமையாக இருக்கிறது. பாலசந்தர் படங்களில் டி.வி.க்காரர்கள் வருஷத்துக்கு நாலு தடவை போடுவது 'தில்லு முல்லு'. அதுவும் அதே வருஷம், மே மாதத்தில் வந்ததுதான். அதை மதியம் வையுங்கள். தண்ணீர் தண்ணீரை மதியம் போட்டால் பாதியில் எழுந்துவிடுவார்கள். ராத்திரி ஒன்பதுக்கு, பிள்ளைகள் இல்லாமல்.

த்ரில்லர் வேண்டும் என்பவர்களுக்கு 'அந்த நாள்' (1954). அதுவும் சித்திரைப் பிறப்பை ஒட்டி வந்த கோடைப் படம். வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. படம் தொடங்கியதும் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார்; சுட்டது யார் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், பின்னணியில் யுத்தகாலச் சென்னை. பாட்டில்லாப் படத்தை அன்றைய தியேட்டர் ஏற்கவில்லை. பாட்டு வந்தால் ஓட்டிவிடுகிற இன்றைய கைகளுக்கு இந்தப் படத்தில் வேலையே இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. ஓடிடி-யில் பழைய படங்களின் உரிமம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் ஓர் இடத்தில் இருந்தது இந்த மாதம் வேறு இடத்தில், அல்லது எங்குமே இல்லை. குறித்து வைத்த படம் கண்ணில் பட்டால் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். இந்தக் கோடையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொழுது என்றால் பேசும் படம். இரண்டுக்கு இருந்தால் அதோடு அழகர்சாமியின் குதிரை.