பாலிஷுக்குக் கொடுத்த பச்சைக்கல் அட்டிகை

கேள்வி: மாமியார் எனக்குக் கொடுத்த பச்சைக்கல் அட்டிகையை மதுரையில் ஒரு நகைக்கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். 600 ரூபாய் வாங்கினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு கற்கள் மங்கி, உள்ளே விரிசல் தெரிகிறது. கேட்டால், "பழைய கல், முன்னமே அப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். ரசீதின் பின்பக்கம் "கற்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருக்கிறது. நான் ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: செய்ய முடியும். முதலில், அந்தக் கற்களுக்கு எண்ணெய் ஏற்றவோ மறுபடி பாலிஷ் போடவோ யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரரே "சரி பண்ணித் தருகிறோம்" என்றாலும் இப்போது வேண்டாம். கற்கள் இன்றிருக்கும் நிலைதான் உங்கள் முக்கியமான சாட்சியம்.

மரகதத்தில் இயற்கையாகவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாதபடி சிடார் எண்ணெயோ பிசினோ ஏற்றுவது உலகெங்கும் நடப்பது. அப்படிப்பட்ட கல்லை, நகைகளைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால், அதிர்விலும் சூட்டிலும் எண்ணெய் வெளியேறலாம். விரிசல் நீளவும் செய்யலாம். வைரத்தைச் சுத்தம் செய்வதுபோல் மரகதத்தைச் செய்யக்கூடாது என்பது நகைத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஆகவே "முன்னமே இருந்தது" என்பதில் பாதி உண்மை இருக்கலாம். விரிசல் இருந்திருக்கும். அதை மூடியிருந்த எண்ணெய் யார் கையில் போனது என்பதுதான் உங்கள் வழக்கு.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேதமானால், கவனமாகத்தான் இருந்தோம் என்று அவர்தான் காட்ட வேண்டும். எந்த முறையில் சுத்தம் செய்தார்கள், கல்லை முன்னதாகச் சோதித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாங்கும்போது கல்லின் குறையை ரசீதில் எழுதாத கடை, இப்போது அதைச் சொல்வது எடுபடுவது கடினம்.

ரசீதின் பின்பக்க வரிக்கு வருவோம். அதன் கீழ் கையெழுத்துப் போட்டீர்களா? கையெழுத்திட்ட நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று ஒரு கூரியர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போடவில்லையென்றால் உங்கள் நிலை வலுவானது. போட்டிருந்தாலும், அலட்சியத்தால் வந்த சேதத்துக்கும் அந்த வரி பொருந்துமா என்று வாதிட இடமிருக்கிறது.

நீங்கள் 600 ரூபாய் கொடுத்தது நல்லதாயிற்று. முழுக்க இலவசமாகச் செய்த வேலை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி 'சேவை' ஆகாது. அங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

ரத்தினப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அறிக்கை வாங்குங்கள். ஹால்மார்க் தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும், கல்லைப் பற்றிச் சொல்லாது. அட்டிகை அணிந்து எடுத்த பழைய கல்யாணப் படங்கள், குறிப்பாக நெருக்கத்தில் எடுத்தவை, மிகவும் உதவும். பிறகு பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், சேதம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை.

இழப்பீடாக, கல்லின் மதிப்புக் குறைவையும் சீர்செய்யும் செலவையும், மாமியார் கொடுத்த நகை என்பதால் மன உளைச்சலுக்குத் தனியாக ஒரு தொகையையும் கேளுங்கள். மதிப்புக் குறைவை மட்டும் மதிப்பீட்டாளரின் சான்று இல்லாமல் எழுதாதீர்கள். பெரிய தொகை கேட்ட புகார்கள் பல அந்த ஒரு தாள் இல்லாமல்தான் சுருங்கிப் போகின்றன.