பிழை காணும் நெறி
சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் மாணவர்க்கு ஒரு பாடம்

எடுத்த செயல் கைகூடாதவிடத்துக் காரணத்தை ஆராய்வார் இருதிறத்தர். குற்றம் எவ்விடத்துத் தோன்றிற்று என முதலில் துணிந்து, பின்னர் அவ்விடத்தை மட்டும் திருத்துவார் ஒருசாரார். கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் மாற்றிப் பார்ப்பார் மற்றொருசாரார். பின்னவர் ஒரோவழி வெற்றி பெறினும், எதனால் வெற்றி பெற்றோம் என்பதை அறியார். ஆதலின் அடுத்த முறையும் அவர்க்கு இருளே.

இக்காலத்து மாணவர் பலர், ஆர்டுயினோ முதலிய சிறு பலகைகளைக்கொண்டு பயிருக்கு நீர் பாய்ச்சும் பொறி, வெப்பநிலை காட்டும் கருவி முதலியன செய்கின்றனர். இவற்றினுள் அமைந்த சிறு கணினியை நுண்கட்டுப்படுத்தி என்பர். தாம் எழுதிய நிரல் இயங்காதபோது இம்மாணவர், “எனக்கு இது வராது” என்று துணிந்து, நல்ல நிரலையே அழித்துவிடுகின்றனர். சிலர் அம்முயற்சியையே கைவிடுகின்றனர். ஆராய்ந்து பார்ப்பின், நிரல் செவ்வனே இருப்ப, அதனைக் கட்டிய கருவிகளின் அமைப்புக்களிலே குற்றம் இருத்தல் பலகாலும் காணலாம். அமைப்புக்கள் என்றது ‘செற்றிங்ஸ்’ என வழங்குவனவற்றை.

தமிழாசிரியன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாகலாம். இதற்கு வேண்டப்படும் ஆற்றலுட் பெரும்பகுதி, எழுதியதை எழுதியவாறே வாசித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலாகும். அஃது எம் வகுப்பறைக்குப் புறம்பானதன்று.

நான்கு நிலைகள்

மாணவன் எழுதிய நிரல், பலகையில் இயங்குதற்கு முன் மூன்று நிலைகளைக் கடக்கின்றது. முதலாவது, கொம்பைலர் எனப்படும் தொகுப்பான் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனி வாசித்து, இலக்கண வழு உண்டோ எனப் பார்த்து, இயந்திர மொழிக்கு மாற்றுகின்றது. இரண்டாவது, லிங்கர் எனப்படும் இணைப்பான் அக்கோப்புக்களை ஒன்றாகப் புணர்க்கின்றது. மூன்றாவது, அவ்வாறு முடிந்த நிரல் கேபிள் வழியாகப் பலகையின் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. நான்காவது நிலை இயக்கம். குற்றம் இந்நான்கனுள் எதிலே தோன்றிற்று என்பதே முதல் வினா.

தொகுப்பான் ஐம்பது பிழை காட்டினும் மாணவன் அஞ்சவேண்டுவதில்லை. ஓர் அரைப்புள்ளி விடுபட்டமையாற் கீழுள்ள வரிகள் பலவும் பிழையாய்த் தோன்றுதல் உண்டு. முதற் பிழையை மட்டும் திருத்தி மீளத் தொகுத்தல் வேண்டும். ‘நோ சச் பைல்’ என வருமாயின், நிரலின் தலைப்பில் அழைத்த கோப்புத் தொகுப்பானுக்கு அகப்படவில்லை என்பது பொருள். நூலகம் நிறுவப்பட்டதா, அதன் இருப்பிடம் அமைப்பிற் குறிக்கப்பட்டதா என நோக்குக.

‘அன்டிபைன்ட் றெபரன்ஸ்’ என்பது இணைப்பானின் செய்தி. நிலைமொழி வருமொழியை நோக்கி நிற்ப, வருமொழி வாராதொழியின் புணர்ச்சி இல்லை. அதுபோல, ஒரு செயற்கூறின் பெயர் அறிவிக்கப்பட்டிருந்தும் அதன் உடல் எக்கோப்பிலும் இல்லாதபோது இச்செய்தி எழும். அச்செயற்கூறு எழுதப்பட்டுள்ள கோப்புச் செயற்றிட்டத்திற் சேர்க்கப்படாமையே பெரும்பாலும் காரணம். இதனை அறியாத மாணவன், தொகுப்பான் ஏற்றுக்கொண்ட வரிகளைத் திரும்பத் திரும்ப மாற்றி இடர்ப்படுவான்.

ஏற்றும் நிலையில் ‘நொட் இன் சிங்க்’ என வருமாயின், கணினியும் பலகையும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளவில்லை என்க. இந்நிலையில் நிரலைத் தொடுதல் வீண். தெரிவுசெய்த பலகையின் பெயரும் போர்ட்டும் சரியானவையா எனப் பார்த்தல் வேண்டும். ஆர்டுயினோ நானோ பலகையிற் பழைய தொடக்கநிரல் உள்ளது வினாடிக்கு 57600 என்னும் வேகத்திலும், புதியது 115200 என்னும் வேகத்திலும் பேசும். ஒன்றற்கு மற்றொன்றைத் தெரிவுசெய்யின் ஏற்றம் நிகழாது. பலகையின் 0, 1 என்னும் முனைகளில் வேறு கருவி பூட்டியிருப்பினும் தடை உண்டாகலாம். அதனைக் கழற்றிவிட்டு முயல்க.

அமைப்பினால் வரும் மயக்கம்

மேற்கூறிய மூன்று நிலைகளிலும் கருவியே பிழையை அறிவிக்கும். நான்காவது நிலையில் அறிவிப்பார் இலர். ஆதலின் அங்கு வரும் குற்றம் கொடிது. மூன்று எடுத்துக்காட்டுக் கூறுவாம்.

ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள அற்மெகா 328பி என்னும் சில்லு 16 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குகின்றது. அச்சில்லையே தனியாக வாங்கிப் பயன்படுத்துவோமாயின், தொழிற்சாலை அமைப்பின்படி அது 1 மெகாஹேர்ட்ஸ் வேகத்திலேயே இயங்கும். நிரலின் அமைப்பில் 16 என்று குறித்திருப்பின், ஒரு வினாடிக்கு ஒருமுறை மின்னவேண்டிய விளக்கு 16 வினாடிக்கு ஒருமுறை மின்னும். 9600 வேகத்தில் வரவேண்டிய எழுத்துக்கள் 600 வேகத்தில் வந்து, திரையிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். நிரலில் ஓர் எழுத்தும் பிழையில்லை. குறித்த வேகமும் உண்மை வேகமும் ஒவ்வாமையே குற்றம்.

அச்சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டு இடம் உண்டு; இயங்குங்கால் வேண்டப்படும் நினைவகமோ 2 கிலோபைட்டேயாம். திரையிற் காட்டுதற்கு எழுதிய நீண்ட வாக்கியங்கள், விலக்கி எழுதாதவிடத்து, இச்சிறிய நினைவகத்தையே நிரப்பும். கட்டி முடிந்ததும் கருவி காட்டும் அளவில், இயங்கும்போது வளரும் அடுக்குக்கு வேண்டிய இடம் சேராது. ஆதலால் இடம் மிஞ்சியுள்ளது போலத் தோன்றியும், பலகை காரணமின்றி மீளத் தொடங்கும்.

இனி, தொகுப்பானிடம் நிரலைச் சுருக்கித் தருமாறு கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தும்போது குறுக்கீட்டுப் பகுதியில் மாறும் ஒரு மாறியை, முதன்மைப் பகுதி நோக்கிக் காத்திருப்பதாகக் கொள்வோம். சுருக்கம் இல்லாதபோது அந்நிரல் இயங்கும். சுருக்கம் இருப்பின், அம்மாறி மாறாதென்று தொகுப்பான் கருதிவிட, நிரல் அசையாது நிற்கும். அமைப்பை மாற்றியபோது வெளிப்பட்டதாயினும், இங்குக் குற்றம் நிரலின்பாலதே. அம்மாறியை ‘வொலட்டைல்’ என அறிவித்தல் வேண்டும். எப்பழியையும் அமைப்பின்மேலேயே போடலாகாது என்பதற்கு இது சான்று.

ஒரு காலைப்பொழுது

இவ்விடர்ப்பாடு கற்றுக்குட்டிகளுக்கே உரியதென்று எண்ணற்க. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே ஸ்டீபன் ஜோன்சன் என்னும் பேரறிஞர், ‘யாக்’ என்னும் புகழ்பெற்ற கருவியை ஆக்கியவர், ஒருநாட் காலைப்பொழுது முழுவதையும் சரியான நிரலொன்றிற் பிழை தேடுவதிலே கழித்தார். பிழையை அவர் முன்னரே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பு மீளத் தொகுக்கப்படாமையால், பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சினந்து முறையிடக் கேட்ட ஸ்டூவர்ட் பெல்ட்மன், 1976ஆம் ஆண்டில் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். கோப்புக்கள் மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மீளக் கட்டும். இதற்காக 2003ஆம் ஆண்டுக்குரிய ஏ.சி.எம். மென்பொருள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

அக்கருவியும் குற்றம் நீங்கியதன்று. அதன் கட்டளை வரி ‘டாப்’ இடைவெளியோடு தொடங்கவேண்டும். சாதாரண இடைவெளிகளை இடின், கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றியும் ‘மிஸ்ஸிங் செப்பரேற்றர்’ என்று மறுத்துவிடும். அமைப்பை மட்டும் மாற்றி நிரற்கோப்பை மாற்றாதபோது, மீளக் கட்டவேண்டும் என்பதை அது அறியாமலும் விடலாம். ஆகவே ஐயம் எழுந்தவிடத்து, இடையிலே தோன்றிய பழைய கோப்புக்களை நீக்கி முழுவதையும் புதிதாகக் கட்டுக.

மாணவர் கைக்கொள்ளற்பால முறை

பிழைச் செய்தியை முழுமையாக வாசித்து, எந்நிலைக்குரியது எனத் துணிக. நிலை விளங்காதாயின், 13ஆம் முனையிலுள்ள விளக்கை மின்னச்செய்யும் சிறு நிரலை ஏற்றிப் பார்க்க. அது குறித்த கால அளவில் மின்னுமாயின், கேபிள், போர்ட், பலகைத் தெரிவு, வேகம் ஆகியவை சரியென்று தெளியலாம். குற்றம் எஞ்சியவற்றில் உளது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுக. நிரலைச் சேமிக்கும்போது பலகையின் பெயர், வேகம், தொகுப்பானின் பதிப்பு, நூலகங்களின் பதிப்பு என்பவற்றையும் உடன் எழுதிவைக்க. இயங்கிய நிரல் அடுத்த ஆண்டு வேறொரு கணினியில் இயங்காதபோது, அக்குறிப்பே வழிகாட்டும்.

ஆசிரியர்களுக்கும், பொறியியற்றுறையிற் பணிபுரியும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயங்காத கருவியோடு ஓர் இளைஞன் நும்மிடம் வருவானாயின், “என்ன பிழையாக எழுதினாய்?” என்று தொடங்காது, “எந்நிலையில் நின்றுவிட்டது?” என்று கேட்பீராக. முதல் வினா அவனைக் குற்றவாளியாக்கும். இரண்டாம் வினாவுக்கு விடை தேடுங்கால், அவன் தானே பிழையைக் கண்டுபிடித்தலும் கூடும்.