ஸ்டேர்லிஃப்ட்டை நாமே மாட்டலாமா?

மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா ஒரு தொல்லை உண்டு. மிக்ஸி சுத்தலன்னாலும் கூப்பிடுவாங்க, மோட்டார் தண்ணி ஏத்தலன்னாலும் கூப்பிடுவாங்க. போன டிசம்பர் லீவுல எனக்கு வந்த வேலை கொஞ்சம் பெருசு. ஆச்சியை மாடிக்கு ஏத்தணும்.

ஆச்சி வீடு பாளையங்கோட்டையில. கீழ மளிகைக் கடை, மேல வீடு. கடை வாடகைதான் ஆச்சியோட வருமானம், அதனால "பேசாம கீழ வந்து இருங்க"ன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. தெரு வாசல்ல இருந்து ஒரே ஏத்தமா 18 படி. ரெண்டு முட்டியும் தேஞ்சு போய், ஆச்சி தெருவுக்கு இறங்கியே பல மாசம் ஆகியிருந்தது. அந்த நேரத்துலதான் மாமா சென்னையில ஒரு வீட்டுல இருந்து பழைய ஸ்டேர்லிஃப்ட் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். ரெயில், சீட், மோட்டார், கூடவே ஒரு மேனுவல். "மாட்டுறதுக்கு எதுக்குத் தனியா காசு? வீட்டுலயே இன்ஜினியர் இருக்காள்ல" என்றார். நானும் பெருமையா தலையாட்டிட்டேன்.

உங்க வீட்டுலயும் இந்தக் கேள்வி ஒருநாள் வரலாம். அதனால முதல்ல மெஷினைப் புரிஞ்சுக்கலாம். ஸ்டேர்லிஃப்ட் என்பது படிக்கட்டு ஓரமா சாய்வா போகிற ஒரு ரெயில், அதுல ஏறி இறங்குகிற ஒரு நாற்காலி, அவ்வளவுதான். பெரும்பாலானதுல ரேக் அண்ட் பினியன்தான் வேலை செய்யும். ரெயில்ல பல் வரிசை, நாற்காலிக்கு அடியில மோட்டாரோட சேர்ந்த பல்சக்கரம். மோட்டார் ஓடுறது ரெண்டு 12 வோல்ட் பேட்டரியில. சுவர்ல இருக்கிற சாதாரண பிளக் அந்த பேட்டரிகளை சார்ஜ் பண்ண மட்டும்தான். அதனால கரன்ட் போனாலும் நாற்காலி பாதியில நிக்காது. ஐரோப்பாவோட இஎன் 81-40 தரப்படி வேகம் வினாடிக்கு 0.15 மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்க படிக்கட்டோட சாய்வு நீளம் சுமார் 5.5 மீட்டர். அப்படின்னா மேல போய்ச் சேர அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

இதுல எதுவும் நமக்குப் புதுசு இல்ல. மூணாவது செமஸ்டர்லயே எல்லாம் படிச்சாச்சு. இன்னும் சொல்லப்போனா, 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படி ஒரு படி நாற்காலியைச் செய்த சி.சி. கிறிஸ்பெனே தானாகக் கத்துக்கிட்ட ஆள்தான். படியேற முடியாத ஒரு நண்பருக்காக ஆரம்பிச்சார். அவரே செஞ்சார்னா நான் செய்யக் கூடாதா? அப்படித்தான் நானும் நினைச்சேன்.

நினைப்புல முதல் ஓட்டை விழுந்தது கணக்குப் போட்டப்போ. நிறைய பேர் ரெயிலைச் சுவர்ல மாட்டுறாங்கன்னு நினைக்கிறாங்க. இல்ல. சில படிகளுக்கு ஒண்ணுன்னு உலோகக் கால்கள் வச்சு, படி மேலயே போல்ட் போடுவாங்க. எங்களுக்கு அஞ்சு கால். ரெயில் சுவர் ஓரமா இருக்கும், ஆள் உட்காருற இடம் அதுல இருந்து படிக்கட்டு நடுப்பக்கமா தள்ளி இருக்கும். இந்தத் தள்ளல்தான் வில்லன்.

ஆள் 80 கிலோ, சீட்டும் மோட்டாரும் சேர்த்து 60 கிலோன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 140 கிலோ, அதாவது சுமார் 1370 நியூட்டன். எடை ரெயிலில் இருந்து 30 செ.மீ. தள்ளி விழுதுன்னா கவிழ்க்கிற திருப்புவிசை 410 நியூட்டன் மீட்டர். இப்போ காலோட வெளி விளிம்புக்கும் சுவர்ப்பக்க போல்ட்டுக்கும் இடைவெளி வெறும் 10 செ.மீ. 410ஐ 0.1ஆல் வகுங்க. 4,100 நியூட்டன். ஆள் எடை 80 கிலோ, ஆனா சுவர்ப்பக்க போல்ட்டுகளை மேல்நோக்கிப் பிடுங்குற விசை 400 கிலோவுக்கு மேல! நிஜத்துல பக்கத்துக் கால்களும் பங்கு போட்டுக்கும், முழுசும் ஒரே இடத்துல விழாது. ஆனா ஆச்சி மேல் படியில இறங்கும்போது ஒரு கையை ஊன்றி ஒரு பக்கமா சாய்வாங்க, அப்போ இன்னும் கூடும். மோசமான நிலைமைக்குத்தானே டிசைன் பண்ணணும்?

சரி, 10 மிமீ ஆங்கர் போல்ட் நல்ல கான்கிரீட்ல இந்த மாதிரி லோடைத் தாங்கும்னு கேட்டலாக் பார்த்துச் சமாதானம் ஆயிட்டேன். அந்த வாக்கியத்துல "நல்ல கான்கிரீட்ல" என்கிற ரெண்டு வார்த்தையைக் கண்டுக்கவே இல்ல.

பக்கத்து வீட்டு டிரில்லை வாங்கி, மூணாவது படியில சோதனைக்கு ஒரு ஓட்டை போட்டேன். முதல்ல கறுப்பா கிரானைட் தூள் வந்தது, சுமார் 18 மிமீ வரைக்கும். அப்புறம் சாம்பல் நிறத்துல சிமென்ட் கலவை. 45 மிமீ தாண்டினதும் டிரில் திடீர்னு வெண்ணெய்ல இறங்குற மாதிரி உள்ள போச்சு. வெளியே வந்தது சிவப்புத் தூள்.

செங்கல்.

அந்தத் தெருவுல பாதி வீட்டைக் கட்டின கொத்தனார் இன்னும் இருக்கார். அவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்ல. "எல்லாப் படியும் செங்கல்தானம்மா. சாய்வா ஸ்லாப் போட்டு, அது மேல செங்கல் வச்சுத்தான் படி கட்டுவோம். இது எல்லா வீட்டுலயும் உண்டு" என்றார். சிவில் நண்பர்கள் சிரிக்கலாம். வெய்ஸ்ட் ஸ்லாப்னு நீங்க வரையுறீங்களே, ஆர்சிசி அது மட்டும்தான். அதுக்கு மேல இருக்கிற முக்கோணம் பல வீடுகள்ல வெறும் செங்கலும் கலவையும்தான். நான் போட நினைச்ச 60 மிமீ ஆங்கர்ல பாதிக்கு மேல கிரானைட்லயும் பூச்சுலயும் இருந்திருக்கும், மீதி செங்கல்ல. விரிஞ்சு இறுக்குற ஆங்கரைச் செங்கல்ல, அதுவும் படி விளிம்புக்குப் பக்கத்துல முறுக்கினா அது பிடிக்காது, பிளக்கும். முதல் நாள் நல்லாத்தான் ஓடும். அம்பதாவது தடவையோ நூறாவது தடவையோ கால் ஆட ஆரம்பிக்கும். அப்போ அதுல உட்கார்ந்திருக்கிறது யாரு?

அன்னைக்கு ராத்திரி ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். "ஏட்டி, நீ அடிச்ச ஆணியில என்னைய உக்கார வச்சுப் பாக்கணும்னு இருந்தியா?" என்று கேட்டாங்க. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

என் படத்துல இன்னொரு கூத்தும் இருந்தது. ரெயில் கடைசிப் படியோட முடியாது, தரையில கொஞ்சம் நீளும். எங்க தெருக்கதவு உள்பக்கம் திறக்கும். படி, ரெயில், கோணம், லோடு எல்லாம் அழகா வரைஞ்ச நான் கதவையே வரையல!

அதனால என் பதில், ஆளைக் கூப்பிடுங்க. குறிப்பா போல்ட் போடுறதையும், கடைசியா சோதிச்சுக் கையில கொடுக்கிறதையும் நாம தொடக் கூடாது. உங்க வீட்டுப் படிக்கட்டு நடுவுல திரும்புதா? அப்படின்னா யோசிக்கவே வேண்டாம். வளைஞ்ச ரெயிலை அந்தப் படிக்கட்டை அளந்து அதுக்குன்னே வளைப்பாங்க, வேற வீட்டு ரெயில் உங்களுக்குப் பொருந்தாது. நேரான ரெயிலைத்தான் வெட்டி மாத்தலாம்.

ஆனா "ஆளைக் கூப்பிட்டாச்சு, இனி அவர் பாடு"ன்னு கையைக் கழுவுறதும் தப்பு. நாங்க கூப்பிட்ட முதல் ஆள் போன்லயே ரேட் சொன்னார். "படிக்குள்ள என்ன இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேட்கல. நாங்களே செங்கல்னு சொன்னதுக்கு, "கொஞ்சம் நீளமான போல்ட்டா போட்டுக்கலாம்" என்றார். ரெண்டாவது ஆள் பழைய யூனிட்னு தெரிஞ்சதும் வர மாட்டேன்னுட்டார், அதுவாவது நேர்மை. மூணாவது வந்தவர் பையில இருந்து முதல்ல எடுத்தது சுத்தியல். ஒவ்வொரு படியையும் தட்டிக் கேட்டார். ரெயிலோட பல் தேய்மானத்தைப் பார்த்தார். நாற்காலி வேகமா சரிஞ்சா தானா கவ்விப் பிடிக்கிற பாதுகாப்புப் பிடியைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரி ரெண்டும் போச்சு, மாத்தணும் என்றார். நம்ம ஊர் வெயில்ல லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் சாகும்கிறது நமக்குத் தெரிஞ்சதுதான். நீங்க ஆள் தேடும்போது இந்தச் சுத்தியலைத் தேடுங்க. படியைத் தட்டிப் பார்க்காதவர் எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் வேண்டாம்.

அவர் சொன்ன வழி இது. கால் வருகிற அஞ்சு படியில மட்டும் அந்த மூலையில செங்கலை எடுத்துட்டு, கீழ இருக்கிற ஸ்லாப்ல கம்பி பதிச்சு, அங்க கான்கிரீட் போடணும். அதைச் செஞ்சது அதே கொத்தனார். இந்த இடத்துலதான் நமக்கு வேலை இருக்கு. நூல் கட்டி சாய்வு நீளம் அளந்தது, ஒவ்வொரு படியோட உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியா எழுதினது (பழைய வீட்டுல 18 படியும் ஒரே அளவா இருக்காது), கதவை மறுபக்கம் திருப்பி மாட்ட ஆசாரியைப் பிடிச்சது, பிளக் பாயின்ட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டது எல்லாம் நான். கான்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்தினதும் நான்தான். காலையும் சாயங்காலமும், ரெண்டு வாரம். கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள்னு சொல்லி ரெயில் மாட்டுற தேதியையும் தள்ளி வச்சேன். மாமா முணுமுணுத்தார், மாட்டுறவர் சரின்னுட்டார். காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதுல வீட்டுக்கு உருப்படியா பயன்பட்டது இதுதான்னு நினைக்கிறேன்.

பொங்கல் லீவு முடிஞ்சு நான் காலேஜுக்குத் திரும்பிட்டேன். மாட்டுற அன்னைக்கு ஒரு சனிக்கிழமை, பஸ் ஏறிப் போயிட்டேன். ரெயில் ஏற ஒரு பகல்தான் ஆச்சு. சோதனைக்குத்தான் அதிக நேரம். பட்டனில் இருந்து விரலை எடுத்தா உடனே நிக்குதான்னு பார்த்தார். கால் வைக்கிற பலகைக்குக் குறுக்கே படியில தலையணையை வச்சார், தொட்டதும் நின்னது. மேல் முனையில சீட் நடைபாதைப் பக்கம் திரும்பிப் பூட்டிக்கிட்டாத்தான் இறங்கணும்னு ஆச்சிக்கு மூணு தடவை காட்டினார். நடுவழியில நிறுத்திட்டுப் போனா சார்ஜ் ஏறாது, ரெண்டு முனையில ஒண்ணுலதான் நிறுத்தணும்னும் சொன்னார். மெயின் சுவிட்சை அணைச்சுட்டு ஒரு தடவை முழுசா ஏத்தி இறக்கினார்.

ஆனா ஆச்சி உட்காருறதுக்கு முன்னாடி லோடு வேணுமே. கீழ கடை அண்ணாச்சிகிட்ட 25 கிலோ அரிசி மூட்டை அஞ்சு கேட்டோம். நாற்காலியில மூட்டைகளைக் கயித்தால கட்டி மேல அனுப்பினோம். நான் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்துல ஒரு பென்சில் கோடு போட்டு வச்சிருந்தேன். மூட்டை ஏழு தடவை ஏறி இறங்கிச்சு, கோடு ஒண்ணுகூட விலகல.

அண்ணாச்சி வாசல்ல நின்னு முழுசையும் பார்த்தார். கடைசி ட்ரிப் கீழ வந்ததும் மூட்டையை அவிழ்த்துக்கிட்டே கேட்டார்: "ஏம்மா, நம்ம குடோனுக்கும் இதுமாதிரி ஒண்ணு போட முடியுமா?"

ஆச்சி மேல இருந்து சத்தம் போட்டாங்க: "முதல்ல நான் இறங்கிக்கிடுதேன்."