வாழ்த்து எங்கிருந்து வந்தது?

பரீட்சைக்குக் கிளம்பும்போது பாட்டி தலையில கைவச்சு, "நல்லா இரு மக்களே"ன்னு சொல்வாங்கல்ல? 'வாழ்த்து' என்ற சொல்லும் அதைத்தான் சொல்கிறது. தாழ் - தாழ்த்து, வீழ் - வீழ்த்து. அதுபோல வாழ் - வாழ்த்து. வாழச் செய்வது!

இதற்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மலையாளத்தில் 'வாழ்த்துக' என்றால் புகழ்வது. 'வாழுக' என்றால் அரசாள்வதும்கூட. கன்னடத்தில் வாழ்வுக்கு 'பாளு'. நம்ம 'வா' அங்கே 'பா', வேர் அங்கே 'பேரு' ஆனது மாதிரிதான்.

தொல்காப்பியத்தில் 'வாயுறை வாழ்த்து' என்று ஒன்று உண்டு. கேட்கும்போது வேம்பாகக் கசக்கும், பின்னால் நன்மை தரும் அறிவுரை. அதுவும் வாழ்த்துதானாம்! அப்போ நண்பர்களே, வீட்டுப்பாடம் எழுதாத அன்னைக்கு நமக்குக் கிடைக்கிறதெல்லாம்?