முன்சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது?

கேள்வி: பள்ளியில் விலையில்லா சைக்கிள் வாங்கியிருக்கிறேன். பழைய படங்களில் வரும் சைக்கிளுக்கு மட்டும் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கிறதே, ஏன்?
– பள்ளி மாணவி, பென்னாகரம்

பதில்: செயின் இல்லாத குறைதான் காரணம்! 1817-இல் ஜெர்மனியின் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிய மரவண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். 1860-களில் பாரிஸில் பெடல் வந்தது, ஆனால் நேராக முன்சக்கரத்தின் அச்சில். ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான். அதிக தூரம் போக, சக்கரத்தையே பெரிதாக்கினார்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு மிதிக்கு 4.7 மீட்டர் ஓடும். ஆனால் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் பிரேக் பிடித்தால், ஓட்டியவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, 'ரோவர்' சைக்கிளில் செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றினார். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். பெரிய சக்கரம் தேவையில்லை. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து குலுக்கலைக் குறைத்தது. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்ததும், நீங்கள் ஓட்டுவதும் அடிப்படையில் ஸ்டார்லியின் அமைப்புதான். செயினுக்கு மறக்காமல் எண்ணெய் போடுங்கள்!