மீண்டு வந்தபின் ஊரோடு வாழ: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரத்தப் புற்றுநோய்க்கு வேலூர் சி.எம்.சி.யிலோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்றுத் திருச்சிக்குத் திரும்புகிறவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். மருந்தின் பெயரும் அடுத்த பரிசோதனைத் தேதியும் அதில் இருக்கும். ஆடிப்பெருக்கன்று காவிரியில் இறங்கலாமா, சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்ட மொட்டையைப் போடலாமா, சித்திரைத் தேர் பார்க்கப் போகலாமா என்பதெல்லாம் இருக்காது. வீட்டில் கேட்டால், "பேசாம உள்ளேயே இருங்க" என்பார்கள். பயத்தில் சொல்வது அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரில் நடக்கும் எல்லாவற்றிலும் நமக்கும் பங்கு உண்டு; எப்போது, எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும். ரத்த அணுக்கள் இன்னும் ஏறாமல் இருப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

நோயின் முழுப்பெயர், சாப்பிடும் மருந்து, அதன் அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக் குடித்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதனைக்கு ரயிலில் போகிறவர்கள் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் குறையும். அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் எழுதித் தருவார்கள். சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்குப் போகும்போதும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருமாள் சேவிக்கப் போவதென்றால் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். வின்கிறிஸ்டின், போர்டிசோமிப் போன்ற மருந்துகள் ஏறியவர்களுக்குப் பாதத்தில் மரமரப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். சித்திரை மதியத்தில் ஸ்ரீரங்கத்துப் பிராகாரக் கல் எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியும். மரத்த காலுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரியும். கனமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். டானோரூபிசின், டாக்சோரூபிசின் போன்ற மருந்து எடுத்தவர்கள் ஒரு எக்கோ எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறலாம்.

ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுங்கள். நம் நாட்டு விதிப்படி ரத்தப் புற்றுநோய் வந்தவர் ரத்த தானம் செய்ய முடியாது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய ரத்தத்தில் பிழைத்தவர்களுக்கு இது மனதை உறுத்தும். ஆனால் ஒரு கல்லூரியில் போய் நின்று, "உங்களில் யாரோ கொடுத்த தட்டணுதான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது" என்று நம்மால் சொல்ல முடியும். செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், நேஷனல் என்று கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாணவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வார்டில் இருப்பவருக்கு விடுமுறை கிடையாது. அந்த வாரங்களுக்கென்று உள்ளூர்க்காரர்கள் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் செல் கொடையைப் பற்றியும் அதே மேடையில் பேசுங்கள். கூடப்பிறந்த ஒருவருடையது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களில் பலர் அந்நியரை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த அந்நியரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற மரபு உள்ளவராகவே இருப்பார். ஆகவே தமிழ்நாட்டு நோயாளிக்குத் தமிழ்நாட்டு இளைஞர்கள் பதிவு செய்திருப்பது மிக முக்கியம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் சேர, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பெயர் கொடுத்தவர் அழைப்பு வரும்போது பின்வாங்குவதுதான் கொடுமை. "முதுகெலும்பில் துளை போடுவார்கள்" என்று வீட்டில் தடுத்துவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் கை நரம்பிலிருந்தே ரத்தம் எடுத்து ஸ்டெம் செல்லைப் பிரிக்கிறார்கள். மாணவர்களோடு பெற்றோரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

செய்யக்கூடாதவை

உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சி.எம்.எல். என்னும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களுடைய உயிர்நாடி இமாட்டினிப். க்ளீவெக் என்ற பெயரில் அது மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது நம் சென்னை அலுவலகத்தில்தான். 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. எதிர்த்து நின்றவர்களில் நோயாளிகளுக்கான சங்கமும் ஒன்று. அதே மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் குறைவாகத் தந்தன. அப்படிப் போராடிக் கிடைத்த மாத்திரையை, "நாலு வருஷமா ஒண்ணுமில்லையே" என்று அலமாரியில் போட்டுவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்திப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. பல ஆண்டுகள் நோய்த்தடம் மிக ஆழமாக அடங்கியவர்களுக்கு, அடிக்கடி பி.சி.ஆர். பரிசோதனையோடு மருத்துவரே செய்வது அது. அப்போதும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்.

இமாட்டினிப் சாப்பிடுகிறவர்கள் ஏகாதசி என்று வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். அதைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். நிலோட்டினிப் இதற்கு நேர்மாறு. அதற்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் பிரசாதம் உட்பட எதுவும் கூடாது. இரண்டுக்கும் பம்பளிமாஸ் ஆகாது. நாட்டு மருந்துப் பொடி எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

அக்கி வந்தால் காவி எழுதப் போகாதீர்கள். நம் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் அக்கி எளிதில் வரும். முதல் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதி, காயவிட்டு, மறுபடி எழுதுவதற்குள் அந்த நேரம் போய்விடும். பங்குனி, சித்திரையில் தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அந்த வீட்டுக்குள் போகாதீர்கள். தெரியாமல் போயிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தட்டணு எண்ணிக்கை தெரியாமல் மொட்டை, அலகு, காதுகுத்து எதுவும் வேண்டாம். நேர்த்திக்கடனை வீட்டில் இன்னொருவர் செலுத்தலாம். விரதம் இருக்க முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி கிடக்கும் தலம் சமயபுரம்.

உடம்பில் மருந்து ஏற்றும் பிக் லைனோ போர்ட்டோ இருக்கும்வரை காவிரியில், அம்மா மண்டபத்தில் முழுக்குப் போடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் நின்று மற்றவர்களோடு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

தனித் தட்டு, தனி டம்ளர் என்று யாராவது ஒதுக்கினால் பேசாமல் இருக்காதீர்கள். இந்த நோய் தொற்றாது என்று அங்கேயே, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைக்கச் சொல்லும் உறவினர்களும் இருப்பார்கள். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் அந்தப் பெண் தினமும் ஒளிந்து மாத்திரை போட வேண்டியிருக்கும். மேலும், இமாட்டினிப் எடுக்கும்போது கருத்தரிப்பது சிசுவுக்கு ஆபத்து. கணவனுக்கும் தெரிந்திருந்தால்தான் மருத்துவரோடு பேசித் திட்டமிட முடியும்.

புதிதாக நோய் கண்டவரைப் பார்க்கப் போகும்போது, "எனக்கு ஆறே மாசத்துல சரியாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். ஏ.எம்.எல்., மைலோமா என்னும் இரண்டு ரத்தப் புற்றுநோய்களும் ஒரே பாதையில் போவதில்லை. சளி இருந்தால் போகவே வேண்டாம். பெருமாளுக்குச் சாற்றிய மாலையையும் துளசியையும் வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பூவிலும் ஈரத்திலும் கிருமி வளரும். வெளியே உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவியிடம் கொடுத்துவிட்டு, அந்த அம்மா காலையிலிருந்து சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மருந்துக்கடை வரிசையில் அவருக்குப் பதிலாக நீங்கள் நில்லுங்கள்.